ஸ்கேல் மாடல்களில் புட்டி மாஸ்கிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேல் மாடல்களுக்கு உருமறைப்பு நிறங்கள் அடிக்கும்போது டேப்புக்குப் பதிலாகப் புட்டியை வைத்து மறைப்பது (மாஸ்கிங்: அடித்த நிறத்தின் மேல் அடுத்த நிறம் படாமல் மூடுவது) பற்றி, புதிதாக ஏர்பிரஷ் வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான பதில்களுக்கு ஒரே மாடல்தான் உதாரணம்: 1/72 அளவில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) ஒரு ஸ்பிட்ஃபயர் மார்க் 1 என்ற பிரிட்டிஷ் போர் விமானம், 1940 கோடைக்காலத் தோற்றத்தில். மேற்புறம் டார்க் எர்த், டார்க் கிரீன் என்று இரண்டு நிறங்கள் வளைந்து வளைந்து ஓடும்; அடிப்புறம் ஸ்கை என்ற வெளிர்பச்சை. புட்டியைப் பழகுவதற்கு இதைவிட நல்ல மாடல் எனக்குத் தெரியவில்லை.

புட்டி என்றால் எந்தப் புட்டி? காருக்குப் பட்டி வைப்பார்களே, அதுவா?

அது இல்லை. இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது, பெயர்தான் காரணம். பட்டறையில் பட்டி பார்ப்பது, சுவருக்குப் பட்டி பூசுவது, மாடலில் இடைவெளிகளை அடைக்கும் தமியா புட்டி, மில்லிபுட் எல்லாம் காய்ந்து இறுகும் வகை. இறுகிய பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். மாஸ்க் செய்ய வேண்டிய புட்டி எந்தக் காலத்திலும் இறுகக் கூடாது. ஒட்ட வேண்டும், ஆனால் பெயிண்டைப் பிய்க்காமல் திரும்பி வர வேண்டும். கடையில் "மாடல் புட்டி" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் இறுகும் வகைதான் கைக்கு வரும், கவனம்.

டேப் இருக்கும்போது இது எதற்கு?

டேப் நேர்க்கோட்டுக்குப் பிறந்தது. ஸ்பிட்ஃபயர் இறக்கையில் ஓடும் வளைவுக்கு டேப்பைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, கத்தியால் வளைவு போட வேண்டும். அந்தக் கத்தி அடியில் இருக்கும் பெயிண்டையும் கீறும். அதைவிடப் பெரிய சிக்கல், டேப் தரும் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும். விளிம்பில் பெயிண்ட் வரப்பு கட்டியும் நிற்கும்.

நிஜ விமானத்தில் இரண்டு நிறம் சேரும் இடத்தில் ஸ்பிரே துப்பாக்கியின் மெல்லிய பரவல் இருக்கும். அந்தப் பரவல் நிஜத்தில் ஓர் அங்குலம் என்றால், 1/72-ல் அது 0.35 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவு. கையை வீசி ஏர்பிரஷால் நேரடியாக அவ்வளவு மெல்லிய பரவலைக் கொண்டுவருவது பல வருடப் பழக்கம் உள்ளவர்களுக்கே கடினம். விளக்குத் திரி போல உருட்டி வைக்கும் புட்டி அதை முதல் வாரத்திலேயே உங்களுக்குக் கொடுத்துவிடும்.

எந்த வகையை வாங்குவது?

மாடல் மேசைகளில் புழங்குவது இரண்டு குடும்பங்கள்.

முதலாவது, போஸ்டர் ஒட்டும் பசைக்கட்டி. ப்ளூ டேக், யூஹூ பட்டாஃபிக்ஸ், ஃபேபர்-கேஸ்டல் டேக்-இட் எல்லாம் இந்த இனம். இவை வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கும், உருட்டிய வடிவம் மாறாது. நம்மூர் எழுதுபொருள் கடைகளில் எளிதாகக் கிடைப்பது டேக்-இட்தான்; 1/72 விமானத்துக்கு 50 கிராம் தாராளம்.

இரண்டாவது, சில்லி புட்டி இனம். பந்தாக எறிந்தால் எம்பும், சும்மா வைத்தால் வழியும் அந்தச் சிலிக்கோன் பொம்மைப் புட்டி. மாடல் கடைகளில் பன்சர் புட்டி, ஏகே இன்டராக்டிவ் நிறுவனத்தின் எலாஸ்டிக் புட்டி என்ற பெயர்களில் விற்பதும் நடத்தையில் இதே சாதிதான். இது மேடு பள்ளத்தில் தானாகப் படிந்துகொள்ளும். பரப்பு முழுவதையும் இதைக் கொண்டே மூடிவிடலாம், தனியாக டேப் தேவையில்லை.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பசைக்கட்டியைத்தான் சொல்வேன். சில்லி புட்டி அழகான பொருள், ஆனால் அது காத்திருக்காது. காரணம் அடுத்த பதிலில்.

சில்லி புட்டி ஏன் வழிகிறது?

இரண்டாம் உலகப் போரில் ரப்பர் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்காவில் செயற்கை ரப்பருக்கான தேடல் மும்முரமாக நடந்தது. 1943-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஜேம்ஸ் ரைட் சிலிக்கோன் எண்ணெயில் போரிக் அமிலத்தைக் கலந்தபோது கிடைத்தது இது. (தாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்று சொன்ன வேறு வேதியியலாளர்களும் உண்டு.) ரப்பருக்கு மாற்றாக ஒன்றுக்கும் உதவவில்லை. 1950-ல் பீட்டர் ஹாட்சன் என்பவர் அதைப் பிளாஸ்டிக் முட்டைக்குள் அடைத்துப் பொம்மையாக விற்றார், உலகம் முழுக்கப் பரவியது.

இதற்குள் நீண்ட சிலிக்கோன் சங்கிலிகள் இருக்கின்றன. போரான் அவற்றைத் தற்காலிகமாகக் கட்டிப் பிடித்திருக்கிறது. அந்தக் கட்டுகள் அவிழ்வதும் மறுபடி சேர்வதுமாகவே இருக்கும். வேகமாக இழுத்தால் அவிழ நேரம் இல்லை, பட்டென்று அறுந்துபோகும். மெதுவாக விட்டால் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, தேன் போல இறங்கும். மாடல்காரருக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் வைத்த நிமிடத்திலிருந்து இதன் விளிம்பு நகர்ந்துகொண்டே இருக்கிறது. சூடு கூடினால் இன்னும் வேகமாக நகரும். சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாத அறையில் வேலை செய்தால், மார்கழியில் உங்களுக்குக் கிடைத்த அவகாசத்தில் பாதிகூடக் கிடைக்காது.

சரி, ஸ்பிட்ஃபயரில் படிப்படியாக எப்படிச் செய்வது?

முதலில் மாடலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி உலர்த்துங்கள். பிறகு பிரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு). இதைத் தாண்டிப் போகாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அடிப்புறத்து ஸ்கை நிறத்தை அடித்துக் காயவிட்டு, அடிப்புறத்தை மூடுங்கள். இங்கே டேப்பும் புட்டியும் கலந்து வேலை செய்யும்: இறக்கையின் முன்விளிம்பில் மெல்லிய புட்டித் திரி, மற்ற இடத்தில் டேப்.

மேற்புறம் முழுவதும் டார்க் எர்த். இரண்டு நிறங்களில் வெளிர் நிறத்தை முதலில் அடிப்பது நல்லது. வெளிர் மேல் அடர் நிறம் எளிதாக மூடும். தலைகீழாகப் போனால் மூன்று நான்கு பூச்சு கேட்கும், விளிம்பில் கனம் ஏறும்.

இப்போது வடிவம். ஸ்பிட்ஃபயர் உருமறைப்பு அவரவர் விருப்பத்துக்கு வரைந்தது அல்ல, பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் வரைபடப்படி வந்தது. 1940-ல் ஏ, பி என்று இரண்டு அமைப்புகள் புழக்கத்தில் இருந்தன, ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பம். நீங்கள் எடுத்திருக்கும் விமானம் எந்த அமைப்பு என்று புகைப்படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வரும் வழிகாட்டித் தாளில் உள்ள படத்தை மாடல் அளவுக்கு ஒளிநகல் எடுங்கள். ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலம் 11.23 மீட்டர், 1/72-ல் ஏறக்குறைய 156 மில்லிமீட்டர். தாளில் இருக்கும் படம் 104 மில்லிமீட்டர் என்றால் 150 சதவீதம் பெரிதாக்கினால் சரியாக வரும். அந்த நகலை மாடலுக்குப் பக்கத்தில் வைத்து, வளைவு எந்த பேனல் கோட்டில் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடு) தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, மாடலில் மெல்லிய பென்சில் புள்ளிகள் வையுங்கள்.

புட்டியைச் சப்பாத்தி மாவு போல நன்றாகப் பிசையுங்கள். கை சுத்தமாக, எண்ணெய் இல்லாமல் இருக்க வேண்டும். சூடு ஏறி மென்மையானதும் கண்ணாடி அல்லது வழவழப்பான டைல்ஸ் மேல் வைத்து விளக்குத் திரி போல உருட்டுங்கள். விரலால் உருட்டினால் மேடும் பள்ளமுமாக வரும். தட்டையான ஒரு பிளாஸ்டிக் துண்டால் அழுத்தி உருட்டினால் ஒரே கனத்தில் வரும். 1/72-க்கு 3 மில்லிமீட்டர் கனம். திரியில் கனம் மாறினால் விளிம்பின் மென்மையும் இடத்துக்கு இடம் மாறும், ஆகவே இந்த ஒரு வேலையில் அவசரம் வேண்டாம்.

டார்க் எர்த் எங்கே தங்க வேண்டுமோ, அந்த எல்லைக்கு உட்பக்கமாகத் திரியை வைத்துக்கொண்டே போங்கள். இழுத்து வைக்காதீர்கள், இழுத்த திரி சுருங்கி எழும்பும். கோலம் போடும்போது கம்பியை விடுவது போல, தானாக விழும்படி விட்டு, பிறகு பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் நகர்த்திச் சரிசெய்யுங்கள். அமைந்ததும் மேலிருந்து லேசாகத் தொட்டால் போதும், நசுக்கக் கூடாது. திரிகளுக்கு நடுவில் உள்ள பரப்பை டேப் துண்டுகளாலோ தட்டையாக்கிய புட்டியாலோ மூடுங்கள். டேப்பின் ஓரம் திரியின் முதுகில் ஏறி நிற்க வேண்டும், திரியைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் மாடலைக் கை நீட்டிப் பிடித்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வரைபடத்தோடு ஒப்பிட இதுதான் கடைசி வாய்ப்பு.

பிறகு டார்க் கிரீன். ஏர்பிரஷின் காற்றழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ., மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றுக்கும் இடையே சில நிமிட இடைவெளி. ஈரமாக நனையும்படி அடித்தால் பெயிண்ட் திரிக்கு அடியில் ஊறிப் போகும். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் புட்டியை எடுத்துவிடுங்கள்.

விளிம்பு எவ்வளவு மென்மையாக வர வேண்டும் என்பதை எப்படிக் கட்டுப்படுத்துவது?

இதைத்தான் நான் மிக முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். எந்த நிறுவனத்துப் புட்டி நல்லது என்று கேட்பவர்களுக்கும் என் உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. விளிம்பை முடிவு செய்வது திரியின் வடிவமும் அது உட்கார்ந்திருந்த நேரமும்தான்.

ஓர் உருண்டைத் திரியைத் தட்டையான பரப்பில் வையுங்கள். அது தொடுவது நடுவில் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும். இரண்டு பக்கமும் வயிறு போல வெளியே தள்ளி நிற்கும், அந்த வயிற்றுக்கு அடியில் சிறு இடைவெளி. நேர் மேலிருந்து பெயிண்ட் அடித்தால் வயிற்றின் ஓரம்வரை மறையும், இடைவெளிக்குள் கொஞ்சம் தூசியாகப் புகும். அந்தத் தூசிதான் மென்மையான விளிம்பு. திரி தடிமனாக இருந்தால் இடைவெளி உயரம், பரவல் அதிகம். மெல்லியதாக இருந்தால் விளிம்பு இறுக்கம். 1/48-க்கு நான் 4 மில்லிமீட்டர், 1/35 டாங்கிக்கு 5 அல்லது 6 எடுத்துக்கொள்கிறேன்.

இதில் இன்னொன்றும் மறைந்திருக்கிறது. பெயிண்ட் நிற்கும் இடம் திரி தொடும் கோடு அல்ல, வயிற்றின் ஓரம். 3 மில்லிமீட்டர் திரி என்றால் உங்கள் எல்லை 1.5 மில்லிமீட்டர் வெளியே போய் விழும். பென்சில் கோட்டின் மேலேயே திரியின் நடுவை வைத்தவர்களுக்குக் கடைசியில் பச்சைத் திட்டுகள் எல்லாம் சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் ஒல்லியாகத் தெரியும். 1/72 மாடலில் அது பெரிய வித்தியாசம். திரியின் ஓரம் கோட்டில் நிற்கட்டும்.

பிறகு நேரம். பசைக்கட்டியில் வடிவம் நிற்கும். சில்லி புட்டியில் அடிப்பகுதி மெல்ல அகன்று, வயிறு தரையைத் தொட்டு, இடைவெளி மூடிவிடும். வைத்த உடனே அடித்தால் மென்மையான விளிம்பு, கால் மணி நேரம் விட்டு அடித்தால் டேப் போட்டது போன்ற கூர்மை. இதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. கூர்மை வேண்டும் என்றால் வேண்டுமென்றே காத்திருக்கலாம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், மாடல் முழுவதும் மூட அரை மணி நேரம் ஆகிறது. முதலில் வைத்த இடது இறக்கை கூர்மையாகவும் கடைசியில் வைத்த வால் மென்மையாகவும் வந்துவிடுகிறது. சில்லி புட்டிதான் உங்களிடம் இருக்கிறது என்றால் ஒரே நாளில் முழு விமானத்தையும் முடிக்க நினைக்காமல், ஓர் இறக்கை, இன்னோர் இறக்கை, உடல் என்று பகுதி பகுதியாக மூடி அடியுங்கள்.

கடைசியாகக் கோணம். ஏர்பிரஷ் எப்போதும் பரப்புக்குச் செங்குத்தாக இருக்கட்டும். திறந்த பக்கத்திலிருந்து சாய்த்து அடித்தால் பெயிண்ட் வயிற்றுக்கு அடியில் புகுந்து விளிம்பு உள்ளே ஓடும். விமான உடல் உருளை வடிவம் என்பதால் இதை மறந்துவிடுகிறோம். கையைச் சாய்ப்பதற்குப் பதில் மாடலைத் திருப்புங்கள்.

மூன்று நிறம் என்றால்?

முதல் நிறம் அடித்து, அது தங்க வேண்டிய இடத்தை மூடி, இரண்டாவது நிறம் அடியுங்கள். புட்டியை எடுக்காமல், இரண்டாவது நிறம் தங்க வேண்டிய இடத்தையும் மூடிவிட்டு மூன்றாவதை அடியுங்கள். வியட்நாம் போர்க்கால அமெரிக்க எஃப்-4 ஃபேன்டம் என்றால் மேற்புறத்துக்கு முதலில் எஃப்.எஸ். (அமெரிக்க நிற எண்) 30219 பழுப்பு, அடுத்து 34102 நடுப்பச்சை, கடைசியில் 34079 அடர்பச்சை. ஜெர்மன் லெப்பர்ட் 2 டாங்கியின் மூன்று நிறத் திட்டத்தில் ஆர்.ஏ.எல். (ஜெர்மன் நிற எண்) 6031 பச்சை, 8027 பழுப்பு, 9021 கறுப்பு. பச்சையில் தொடங்கி கறுப்பில் முடிக்கலாம்.

இந்த முறையில் முதல் புட்டி மிக நீண்ட நேரம் மாடலில் இருக்க வேண்டிவரும். ஆகவே வேகமாகக் காயும் லாக்கர் பெயிண்ட் இங்கே பெரிய உதவி. மெதுவாகக் காயும் எனாமல் பயன்படுத்துபவர்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் புட்டியை எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி மூடுவதுதான் பாதுகாப்பு.

புட்டியை எவ்வளவு நேரம் விட்டுவைக்கலாம்?

பசைக்கட்டி என்றால் சில மணி நேரம். சில்லி புட்டி என்றால் அடித்த பெயிண்ட் தொடும் பதத்துக்கு வந்தவுடன். இரவு முழுவதும் இரண்டையுமே விடக் கூடாது.

நான் ஒருமுறை 1/72 ஹரிகேன் போர் விமானம் ஒன்றைச் சில்லி புட்டியோடு இரவு மேசையில் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் புட்டி வழிந்து, பேனல் கோடுகளுக்குள்ளும் என்ஜின் மூடியின் இடுக்குகளிலும் இறங்கியிருந்தது. ஹரிகேனின் பின்பாதி துணி போர்த்திய உடல், மாடலிலும் அந்த வரிவரியான மேடுகள் உண்டு. அந்தப் பள்ளங்களில் எல்லாம் மெல்லிய படலம். புதுப் புட்டி உருண்டையை வைத்து ஒற்றி ஒற்றி எடுக்க இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. சில இடங்களில் அடிநிறம் மங்கிப்போய்த் திரும்ப அடிக்க வேண்டிவந்தது. அன்றிலிருந்து, புட்டி மாடலில் இருக்கும்போது நான் வேறு வேலைக்கு எழுவதில்லை.

புட்டியை எடுக்கும்போது பெயிண்டும் சேர்ந்து உரிந்து வருகிறதே?

கிட்டத்தட்ட எப்போதும் காரணம் அடியில்தான் இருக்கும், புட்டியில் இருக்காது. பிளாஸ்டிக்கில் தொழிற்சாலை அச்சின் எண்ணெய் மிச்சம் இருந்திருக்கும், அல்லது பிரைமர் அடிக்கவில்லை, அல்லது பெயிண்ட் காயவில்லை. வல்லெஹோ போன்ற நீர் அடிப்படை அக்ரிலிக் பெயிண்டுகள் வெறும் பிளாஸ்டிக்கில் தோல் போலத்தான் உட்காரும், பிடிப்பு குறைவு. மிஸ்டர் சர்ஃபேசர் போன்ற லாக்கர் பிரைமர் அடித்த பிறகு இந்தப் புகார் பெரும்பாலும் வராது.

காயும் நேரத்துக்கு என் கணக்கு: லாக்கர் என்றால் ஒரு சில மணி நேரம், தமியா அக்ரிலிக் ஒரு நாள், வல்லெஹோ ஒன்றிரண்டு நாள், எனாமல் குறைந்தது மூன்று நாள். ஐப்பசி மழைக்காலத்தில் எல்லாவற்றுக்கும் கூடுதலாக ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும் விதமும் முக்கியம். நேர் மேலே பிடுங்காதீர்கள். ஒரு முனையைத் தூக்கி, பரப்பை ஒட்டியே பின்பக்கமாக மெதுவாகச் சுருட்டிக்கொண்டு வாருங்கள். சில்லி புட்டியை வேகமாக இழுத்தால் அறுந்து துணுக்குகள் தங்கும். வெயில் நாளில் ரொம்பப் பிசுபிசுத்தால் மாடலைச் சில நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் (உறைபெட்டியில் அல்ல) வைத்தால் புட்டி கெட்டியாகி எளிதாக வரும். வெளியே எடுத்ததும் கடற்கரை ஊர்களில் மாடல்மேல் நீர்த்துளி படியும், அது தானாக ஆவியாகும்வரை துடைக்காமல் விடுங்கள். பிட்டோ குழாய், ஆன்டெனா கம்பம் போன்றவற்றைப் பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகே ஒட்டுங்கள். புட்டி எடுக்கும்போது முதலில் உடைவது அவைதான்.

எடுத்த இடத்தில் பளபளப்பான திட்டு தெரிகிறது. என்ன செய்வது?

மங்கலான பெயிண்ட் மேல் புட்டியின் எண்ணெய்ப் பசை லேசாகத் தங்கினால் அப்படித் தெரியும். முதலில் அதே புட்டியின் சுத்தமான உருண்டையால் ஒற்றி எடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் துடைத்து, வெறும் தண்ணீரால் இன்னொருமுறை. லேசான பளபளப்பு மட்டும் மிச்சம் என்றால் கடைசி மேட் வார்னிஷில் மறைந்துவிடும்.

துடைக்காமல் மேலே வார்னிஷ் அடிக்க வேண்டாம். குறிப்பாகச் சிலிக்கோன் எச்சத்தின் மேல் எந்தப் பூச்சும் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி, மீன் கண் போலக் குழி விழும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சில்லி புட்டியை நன்றாகக் கரைக்கும்தான், ஆனால் தமியா அக்ரிலிக்கையும் சேர்த்தே கரைக்கும். அக்ரிலிக் மாடலில் அதைத் தொடாதீர்கள்.

மெட்டாலிக் பூச்சு, டீக்கால் (மாடலில் ஒட்டும் சின்னப் படங்கள்) ஆகியவற்றின் மேல் புட்டி வைப்பதை நான் தவிர்த்துவிடுகிறேன். வேறு வழியில்லை என்றால் முதலில் ஒரு வார்னிஷ் பூச்சு.

ஏர்பிரஷ் இல்லை. தூரிகையால் செய்யலாமா?

தூரிகைக்கு இது ஒத்துவராது. திரிக்கு அடியில் உள்ள இடைவெளி ஈரப் பெயிண்டை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஸ்பிரே கேனில் நன்றாகவே வரும். கேன் ஒரே நேரத்தில் நிறையப் பெயிண்ட் தள்ளும் என்பதால் 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று, சட்டென்று வீசிப் போகும் மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். லாக்கரோ கேனோ, காற்றோட்டமும் ஆவி வடிகட்டும் முகமூடியும் கட்டாயம். துணி முகக்கவசம் கரைப்பான் ஆவியைத் தடுக்காது.

எந்த மாடலுக்குப் புட்டி வேண்டாம்?

விமானியின் கண்ணாடிக் கூண்டுச் சட்டங்களுக்கு வேண்டாம், அது டேப்பின் வேலை. ஸ்வீடனின் விக்கன் விமானத்தில் வரும் உடைந்த கண்ணாடித் துண்டு போன்ற நேர்க்கோட்டு உருமறைப்புக்கும் டேப்தான். லுஃப்ட்வாஃபே (ஜெர்மன் விமானப்படை) விமானங்களின் பக்கவாட்டில் தெறித்தது போல இருக்கும் மென்புள்ளிகளுக்கு வெறும் ஏர்பிரஷ்.

ஜெர்மன் டாங்கிகளில் நிதானமாக யோசிக்க வேண்டும். 1943 பிப்ரவரிக்குப் பிறகு அடர்மஞ்சள் அடிநிறம் தொழிற்சாலையில் வந்தது. செம்பழுப்பையும் ஆலிவ் பச்சையையும் பசையாகப் பெற்று, பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்துக் களத்தில் படையினரே அடித்தார்கள். ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு மாதிரி. பலவற்றில் விளிம்பு அகலமாகப் பரவிய மேகம் போல இருக்கும். அங்கே புட்டி போட்டால் விளிம்பு அளவுக்கு மீறிச் சீராக வந்து, பொம்மை போலத் தெரியும். நீங்கள் செய்யும் குறிப்பிட்ட வண்டியின் புகைப்படம் ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குழந்தைகளின் களிமண், ஸ்லைம், மைதா மாவு ஆகுமா?

ஆகாது. வண்ணக் களிமண்ணில் எண்ணெய் அதிகம், பெயிண்டில் இறங்கிக் கறையாக நிற்கும். ஸ்லைம் தண்ணீரும் பசையும் கலந்தது. ஓரத்தில் காய்ந்து படலமாக ஒட்டும், அக்ரிலிக்கை ஊறவைத்துக் கெடுக்கும். மாவு காயக் காயச் சுருங்கி விரிசல் விடும்.

புட்டிக்கு மாஸ்கிங்கில் வேறு உபயோகம் உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது காகித மாஸ்க்கோடு சேர்த்துப் பயன்படுத்துவது. மேலே சொன்ன ஒளிநகலிலிருந்து உருமறைப்பு வடிவத்தை வெட்டி எடுத்து, பின்பக்கம் கடுகு அளவுப் புட்டி உருண்டைகளை ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒட்டி, மாடலில் பதியுங்கள். காகிதம் ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் மிதக்கும். விளிம்பு மென்மையாக வரும், வடிவம் வரைபடத்தை அப்படியே பின்பற்றும். தட்டையான இறக்கைக்கு இதுவும், வளைந்த உடலுக்குத் திரியும் என்று கலந்து செய்தால் வேலை பாதியாகிறது.

மற்றபடி காக்பிட், சக்கரக் குழி, ஜெட் என்ஜின் வாய் ஆகியவற்றை அடைக்க, சின்ன பாகங்களைக் குச்சியில் ஒட்டிப் பிடித்துப் பெயிண்ட் அடிக்க.

ஒரே புட்டியை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

பல மாடல்களுக்கு வரும். பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு பிசைந்தால் உள்ளே போய்விடும்; ஈரத்தில் பிசைந்தால் கையெல்லாம் நிறம், அடுத்த மாடலுக்கும் அது ஒட்டும். காய்ந்த பெயிண்ட் செதில்கள் மேற்பரப்பில் துருத்த ஆரம்பித்தாலோ, திரி உருட்டும்போது வெடிப்பு விட்டாலோ அதைக் காக்பிட் அடைக்கும் வேலைக்கு ஒதுக்கிவிட்டு விளிம்புக்குப் புதியதை எடுங்கள். நான் இரண்டு டப்பா வைத்திருக்கிறேன், ஒன்று விளிம்புக்கு, ஒன்று அடைக்க. மூடி இறுக்கமாக இருக்கட்டும், நம் வீடுகளில் தூசி அதிகம்.

சில்லி புட்டியைச் சட்டைப் பையிலோ மேசைத் துணியிலோ வைத்து மறந்துவிட வேண்டாம், நூலுக்குள் இறங்கிவிடும். இறங்கிவிட்டால் முதலில் குளிரவைத்துச் சுரண்டி, மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் உள்பக்கத்திலிருந்து ஒற்றி எடுங்கள். சாயம் போகுமா என்று மடிப்பில் ஒருமுறை சோதித்துவிட்டு.